மற்ற ஆறு மைனாக்கள்

கதை சொல்லி முடித்ததும் கைகூப்பி, "இக்கதையின் வாயிலாக நாம் அறியும் நீதி யாதெனில்" என்று இழுத்து, மூச்சு வாங்கி, மனப்பாடம் செய்த ஒரு வரியைக் கொட்டிவிட்டு மேடையிலிருந்து ஓடியவர்கள்தானே நாம்? மறுக்காதீர்கள். உங்களில் பாதிப் பேரை நான் அந்த மேடையில் பார்த்திருக்கிறேன். நெற்றியில் எண்ணெய் வழிய, புது கேன்வாஸ் காலணி குதிகாலைக் கடிக்க, நீதி சொன்னீர்கள். இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்துக்கு உதவுகிறேன் என்று உட்கார்ந்து, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

போன வாரம் என் பேரன் டேப்லெட்டை என் மடியில் வைத்தான். ஒரு கதை. கதைக்குக் கீழே, 'இக்கதையின் மையக் கருத்து எது?' என்ற கேள்வி. அதற்குக் கீழே நான்கு விடைகள்.

"சீக்கிரம் லா பாட்டி. எது?"

"கதையைப் படிச்சியா?"

"படிக்கத் தேவையில்ல. மாரல் எப்பவும் லாங்கஸ்ட் ஆன்சர்தான்."

நீளமான விடையைத் தொட்டான். திரை பச்சையாகிச் சரி போட்டது. அவன் வெற்றியோடு என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா நினைவு வந்துவிட்டது.

அப்போது நாங்கள் சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் குடியிருந்தோம். கீழே கம்பி அறுக்கும்போது மாடியின் பலகைத் தளம் அதிரும். டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடும். துருவும் பெயின்ட் தின்னரும் கலந்த வாசனை எங்கள் பள்ளிச் சீருடையிலேயே ஊறிப்போயிருந்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அது வீட்டு வாசனை, அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. அம்மாவுக்குக் கடைசித் தம்பி பிறந்த பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. படியேறினால் உதடு நீலம் பாரிக்கும். அதனால் வீடு அக்காவின் கைக்கு வந்தது. அக்காவுக்கு அடுத்து அண்ணன், பிறகு நான், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். விடியும் முன்பே மண்ணெண்ணெய் அடுப்பு சீறுகிற சத்தம் கேட்கும். நாங்கள் கண் விழிக்கும்போது சோறு வடித்திருக்கும், அம்மாவின் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும், மூங்கில் கழியில் கோத்த துணிகள் ஜன்னலுக்கு வெளியே தெருப்பக்கம் நீட்டிச் சொட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை. சூரியன் உதிப்பதை யார் யோசிக்கிறார்கள்?

மாலையில் அக்கா வேறு ஆளாகிவிடுவாள். வீட்டின் முன்னறையில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். தேக்கா சந்தையில் பூ விற்றவரின் மகன், அடுத்த வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவரின் மகள், நான், இன்னும் சிலர். தேர்வில் கதையைக் கொடுத்து நீதி கேட்பார்கள் என்பதால் அதற்குத்தான் பெற்றோர் எங்களை அனுப்பினார்கள். மற்ற இடங்களில் டீச்சர்கள் நீதியைச் சொல்லிவிடுவார்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அக்காவிடம் அது நடக்காது.

அவளிடம் ஒரு ஜாம் பாட்டில் நிறைய சாகா விதைகள் இருந்தன. பள்ளித் திடலோரப் பெரிய மரத்தடியில் பொறுக்கியவை. குன்றிமணி போலச் சிவப்பு, ஆனால் கறுப்புப் பொட்டு கிடையாது. ஒரு கதையைப் படித்து முடித்ததும் ஆளுக்கொரு விதை கொடுப்பாள்.

"உனக்கு எந்த வரியில மனசு நின்னுச்சோ, அங்க வை."

நாங்கள் புத்தகத்தில் தேடித்தேடி வைப்போம். விதை வழுக்கி உருளும். உருண்ட இடத்தையே பிடித்துக்கொண்டு சாதிக்கிறவர்களும் உண்டு. பிறகு ஒவ்வொருவராக, ஏன் அந்த வரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான், "அப்ப இந்தக் கதை நம்மகிட்ட என்ன சொல்லுது?" என்று கேட்பாள். யாராவது விதை வைக்காத இடத்திலிருந்து ஒரு நீதியைக் கொண்டுவந்தால், "எந்த வரி?" என்பாள். காட்ட முடியாவிட்டால், "அப்ப அது கதையோட நீதி இல்ல, உங்க அப்பாவோட நீதி. அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போ" என்பாள். நாங்கள் பாயில் புரண்டு சிரிப்போம்.

பூக்காரர் மகன் ஒருமுறை விதையை 'முற்றும்' என்ற சொல்மேல் வைத்தான். ஏன்டா என்று கேட்டால், "இங்கதான்க்கா எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்றான். அக்கா அவனைத் திட்டவில்லை. கதையில் யாருக்கு நிம்மதி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று அங்கிருந்தே தொடங்கினாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இதெல்லாம் எவ்வளவு பெரிய வித்தை என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் என் பிள்ளைக்கு எத்தனையோ டியூஷன் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

குமாஸ்தா மகளின் அம்மா, யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, ஒருநாள் படியேறி வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, மூச்சு வாங்க நின்றார்.

"பிள்ளை, நீர் என்ன படிப்பிக்கிறீர்? நேற்றுத் தகப்பன் இவளுக்குப் புத்தி சொல்லேக்கை, 'அது எந்த வரியில கிடக்கு அப்பா' எண்டு கேட்டுப் போட்டாள்."

அக்கா பயந்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. நான் சொல்லி வைக்கிறேன்."

"சொல்ல வேண்டாம். தகப்பனுக்குப் பதில் வரேல்லை," என்றார் ஆன்ட்டி. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த ஆண்டு அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்தால் பள்ளியில் தமிழ் டீச்சர். எங்கள் மாடிப்படியில் அக்கா ஓடி ஏறி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தம்பிகளைப் பார்த்தார். சில நாள் போயின. பிறகு ஒரு மாலை எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து அவரே வேலையைப் பிரித்தார். தண்ணீர் பிடிப்பது அண்ணன். அரிசி கழுவி வைப்பது, தம்பிகளைக் குளிப்பாட்டுவது நான். துணி, ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் அப்பா. அண்ணன் முனகினான். "ஆம்பளப் பையன் துணி காயப்போட்டா கீழ தவுக்கே சிரிப்பாரு லா" என்றான். தவுக்கே என்பது கீழே இரும்புக்கடையின் சீன முதலாளி.

"சிரிக்கட்டும். முறை மாத்தி மாத்திச் செஞ்சா யாருக்கும் பாரம் தெரியாது" என்றார் அப்பா.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் சேர, தகப்பனார் நேரில் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்தது. அதற்குக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அப்பா ஹாஃப் டே லீவ் சொல்லிவிட்டார். அக்கா அம்மாவின் வெளிர்நீலப் புடவைக்குக் கஞ்சி போட்டு, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வட்டாரச் சங்கத்தின் கதை சொல்லும் போட்டி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கதையை உருட்டச்சில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். கதை இதுதான். ஒரு மரப்பொந்தில் ஏழு மைனாக்கள் வசித்தன. பெருமழை பிடித்துக்கொண்டது. பொந்துக்குள் தண்ணீர் அடித்தது. எல்லாவற்றிலும் மூத்த மைனா பொந்தின் வாயில் நின்று சிறகை விரித்து மழையை மறைத்தது. மழை நாள்கணக்கில் பெய்தது. மழை விட்டதும் எல்லா மைனாக்களும் பறந்தன. மூத்த மைனாவின் சிறகு விறைத்துப்போயிருந்தது, அதனால் பறக்க முடியவில்லை. மற்றவை அதைப் புகழ்ந்து பாடின. இவ்வளவுதான். நீதியை மட்டும் அச்சடிக்காமல் இடம் விட்டிருந்தார்கள். பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். ஊரிலுள்ள அப்பா அம்மா எல்லோரும் அந்த இடத்தில் ஒரே நீதியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் அப்பாவும் தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அக்காவைப் பார்த்து, "நம்ம வீட்டுப் பெரிய மைனா இங்க இருக்கா" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மாலை அக்கா எனக்குத் தனியாக ஒரு விதை கொடுத்தாள். நான் தாளை இரண்டு தடவை படித்தேன். மூத்த மைனா சிறகை விரித்ததற்கு அடுத்த வரி, 'மற்ற ஆறும் இதமாக உறங்கின.' அங்கே வைத்தேன்.

"ஏன் பாப்பா அங்க?"

"அதுங்களுக்கும் றெக்கை இருக்குல்லக்கா?"

அக்கா குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"ஒரு நாள் ஒண்ணு, அடுத்த நாள் இன்னொண்ணுன்னு நின்னிருந்தா, பெரிய மைனாவும் பறந்திருக்கும்ல? தப்பாக்கா?"

கீழே கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். கடைக்கதவு ஒவ்வொரு பலகையாக விழும் சத்தம் முடியும்வரை அக்கா அந்த விதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வரி இருக்கு. அப்ப தப்பில்ல," என்றாள் அக்கா.

"போட்டியில சொல்லலாமா?"

"நீ கண்டுபிடிச்சது. நீதான் சொல்லணும்."

அந்த இடத்தில் அவள் என்னைத் தடுத்திருக்கலாம். எல்லோரும் சொல்வதையே சொல் என்று ஒரு வார்த்தை போதும், நான் கேட்டிருப்பேன். மறுநாளுக்கு மறுநாள் கையெழுத்து இருக்கிறது, அப்பாவின் மனசு எவ்வளவு சுருக்கென்று கோணும் என்று அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் என் விதையைத் தள்ளிவிட்டு வேறு வரியில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. டீச்சராவதற்கு முன்பே அவள் டீச்சராக இருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

போட்டி நடந்த மண்டபத்தில் மல்லிகையும் ஈரக் குடையும் கலந்த வாசனை. வெளியே நல்ல மழை. கூரை விசிறிகள் சுற்றினவே தவிரக் காற்று வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக ஏறி, அதே மைனா, அதே மழை, அதே தியாகம். சிறப்பு விருந்தினர் தியாகத்தைக் கேட்டுக் கேட்டுக் கண் அசந்துவிட்டார். அப்பா மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா பின்னால் சுவரோரமாகச் சின்னத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

என் முறை வந்தது. உள்ளங்கையில் சாகா விதையை இறுக்கிப் பிடித்திருந்தேன், அது வியர்வையில் வழுக்கியது. கதையைத் தடுமாறாமல் சொன்னேன். கைகூப்பினால் விதை விழுந்துவிடுமே என்று கைகூப்பவில்லை. "இக்கதையின் வாயிலாக நான் அறியும் நீதி யாதெனில், மற்ற ஆறு மைனாக்களுக்கும் சிறகு இருந்தது. அவை முறை மாற்றி நின்றிருந்தால் மூத்த மைனாவும் பறந்திருக்கும்" என்றேன்.

நடுவர்களில் வயதானவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்படி யாரும்மா உனக்குச் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்லை ஐயா. கதையிலேயே இருக்கு. 'மற்ற ஆறும் இதமாக உறங்கின'ன்னு வரி இருக்கு."

மண்டபம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் தம் கையிலிருந்த தாளில் அந்த வரியைத் தேடினார். கண்டுபிடித்தபின்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது.

அப்பாவுக்குப் பக்கத்தில், அவரோடு வேலை பார்த்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. நான் இறங்கி வரும்போது அவர் அப்பாவின் தோளில் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்ன லா, உங்க வீட்லயும் ஏழு பேருதானே? பெரிய மைனா சபையில மனு போட்டிருக்கு போல."

பின்வரிசையில் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் ஒட்டவே இல்லை. வீட்டில் ஏழு பேர் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததுகூட இல்லை.

வழக்கமாக அப்படி எங்காவது போய்த் திரும்பினால் அப்பா கச்சாங் பூத்தே வாங்கித் தருவார். காகிதக் கூம்பில் சூடான கடலை. அன்று கடலைக்காரர் எங்களைப் பார்த்ததும் கூம்பைச் சுருட்டிவிட்டார். அப்பா குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வேகமாக முன்னே போனார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். அவள் கை சில்லென்று இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா என்னைத்தான் கேட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லப்பா. நானே கண்டுபிடிச்சேன்."

"இந்த வயசுப் புள்ளைக்கு இது எப்படித் தோணும்?"

"தோணும்ப்பா," என்றாள் அக்கா. "எல்லாப் பிள்ளைங்களுக்கும் தோணும். கேட்டாத்தான் சொல்லுங்க."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே சபையில சொல்ல விட்ட."

"வரி இருந்துச்சுப்பா. நான் எப்படித் தப்புன்னு சொல்றது?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு அதன் கையை நீவி விட்டுக்கொண்டே நின்றார்.

"இந்த வீட்ல உன்னைக் கசக்கிப் பிழியறோம்னு ஊர்ல சொல்லணும்னா, நீயே மேடை ஏறிச் சொல்லியிருக்கலாம். சின்னப் புள்ள வாயில எதுக்கு வெக்கற?"

"நான் வெக்கலப்பா."

"சாப்பாட்டை எடுத்து வை," என்றார்.

நானாகத்தான் கண்டுபிடித்தேன் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். அழுதுகொண்டு சொன்னதால் அவருக்கு இன்னும் சந்தேகம்தான் வந்தது. பாருங்கள், ஒரு பிள்ளை தானாக ஒரு கதையைப் படித்து அதன் கருத்தைக் கண்டுகொண்டது. அதைவிட ஒரு டீச்சருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? எங்கள் வீட்டில் அது அக்காவின் சூழ்ச்சிக்கு அத்தாட்சியாயிற்று.

திங்கட்கிழமை காலை அப்பா வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினார். படியிறங்கும் முன், "அம்மாவுக்குக் கஞ்சி ஆறிடப் போவுது" என்று மட்டும் சொன்னார். மதியம் ஹாஃப் டே லீவில் வந்துவிடுவார் என்று அக்கா நம்பினாள், நானும் நம்பினேன். எனக்குப் பள்ளி காலை நேரம். திரும்பி வந்தபோது அக்கா வெளிர்நீலப் புடவையில் முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போட்ட புடவை கசங்கிவிடக் கூடாதென்று சாயவில்லை. படியில் யார் காலடி கேட்டாலும் எழுந்து நிற்பாள். கீழ்க்கடைப் பையன், தபால்காரர், பக்கத்து அறைக்காரர். ஒவ்வொருவருக்கும் எழுந்து, உட்கார்ந்தாள். அம்மா உள்ளேயிருந்து, "இன்னும் வரலியா?" என்று கேட்டபடியே இருந்தாள். அலுவலகம் மூடும் நேரம் தாண்டியதும் அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்து அடுப்புக்குக் காற்றடித்தாள்.

அப்பா இருட்டும் நேரத்தில்தான் வந்தார். அம்மா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அவர் கைகால் கழுவப் போனார். துணி காயப்போடும் முறை பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. அண்ணனுக்கு நிம்மதி.

அக்கா இன்னும் சில வாரம் வகுப்பு நடத்தினாள். ஜாம் பாட்டிலைத் திறக்கவில்லை. கதையைப் படித்ததும், "நீதி, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வரியைச் சொன்னாள். எல்லோரும் எழுதினோம். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவின் மகள் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அது எந்த வரியில கிடக்கு?"

"கடைசி வரியில," என்றாள் அக்கா.

அந்தப் பெண் கடைசி வரியைத் தேடிப் பார்த்தாள். அங்கே இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பாய் சுருட்டி மூலைக்குப் போனது. விதைகளைத் தம்பிகள் சோங்காக் என்கிற மலாய்ப் பல்லாங்குழி விளையாட எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடிக்குக் குடிபோனபோது அந்த பாட்டில் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனையோ சாமான் தொலைந்திருக்கிறது, எனக்கு அந்த ஒரு பாட்டில்தான் மனசில் கிடக்கிறது. அந்த மாடி இப்போது ஒரு சின்ன ஹோட்டல். போன மாதம் அந்தப் பக்கம் நடந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஜன்னலில் குளிர்சாதனப் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது.

வருஷங்கள் ஓடின. அம்மா போய்விட்டாள். அண்ணன் ஆஸ்திரேலியா போனான், தம்பிகள் குடும்பம் குட்டி என்று ஆனார்கள், எனக்கு வங்கியில் வேலை, கல்யாணம். அக்காவைப் பெண் கேட்டு வந்த இடங்களெல்லாம், அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வியில் வந்த வழியே போயின. பிறகு அப்பாவை யார் பார்ப்பது என்று ஆனது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மைனாக்கள். பழம் வாங்கிக்கொண்டு பறந்து வருவோம், சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடுவோம்.

இவ்வளவு காலமும் அப்பாவை நான் ஒருவகையில் மன்னித்தே வைத்திருந்தேன். பாவம், அவருக்குப் புரியவில்லை, சபையில் மானம் போனதென்று நினைத்துவிட்டார், அதிகம் படிக்காத மனிதர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவருக்குத் தள்ளாமை வந்துவிட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சமாதானமும் போயிற்று.

என் மகள் அப்போது தொடக்கப்பள்ளியில் படித்தாள். இன்று நீளமான விடையைத் தொடுகிறானே, அவனுடைய அம்மா. வெளியே மழை, விளையாடப் போக முடியாமல் தாத்தாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு கதை கேட்டாள். அப்பா எங்களுக்கே கதை சொன்னவரில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு மரப்பொந்துல ஏழு மைனா இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. சமையலறையில் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. பொந்துக்குள்ள தண்ணி அடிக்குது. மொத நாளு பெரிய மைனா றெக்கையை விரிச்சு மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. மறுநாளு அடுத்த மைனா. அதுக்கு மறுநாளு இன்னொண்ணு. அப்படியே ஏழும் முறை மாத்தி நின்னுச்சுங்க. மழை விட்டுருச்சு. எல்லாம் பறந்து போயிருச்சு. பெரிய மைனாவும் பறந்து போயிருச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"தாத்தா, மாரல் என்ன?"

சமையலறையில் குழாய் நின்றது. அப்பா பேத்தியின் தலையில் கையை வைத்தார்.

"பெரியம்மாவக் கேளு. அவதான் டீச்சர்."

அக்கா ஈரக் கையோடு அறை வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் அவள் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு கேள்வி. அவள் கேட்கவில்லை. என் மகளிடம் மட்டும், "நீ சொல்லு. உனக்கு மனசு எங்க நின்னுச்சு?" என்றாள்.

மகள் தாத்தாவின் போர்வையைத் திருகிக்கொண்டே யோசித்தாள். "எல்லா மைனாவும் நனைஞ்சுச்சு பெரியம்மா. ஆனா கொஞ்சம் கொஞ்சம்தான் நனைஞ்சுச்சு."

"ம். சரி," என்றாள் அக்கா. "அப்பா, மாத்திரை போடற நேரம்."

தண்ணீரும் மாத்திரையும் கொடுத்து, வாய் துடைத்துவிட்டு, திரும்பவும் மீன் கழுவப் போனாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த நீதி எங்கிருந்து வந்ததென்றும் தெரிந்திருக்கும். முறை மாற்றிச் செய்தால் யாருக்கும் பாரம் தெரியாது என்று எங்களை உட்காரவைத்துச் சொன்னவரே அவர்தானே? அவர் வாயிலிருந்து கேட்டதைத்தான் நான் மேடையில் சொன்னேன். அன்று எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை, அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு எப்போதோ அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்தும், அக்கா வைத்த கஞ்சியை இத்தனை வருஷம் பேசாமல் குடித்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது, அக்காவுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆறவில்லை.

அன்று மாலை மழை விட்டதும் நானும் மகளும் கிளம்பினோம். அக்கா வழக்கம்போல் மீன் குழம்பைப் பாத்திரத்தில் போட்டு, துணி சுற்றிக் கொடுத்தாள். ரயிலில் என் மகள் அந்தச் சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, பெரியம்மா எந்த ஸ்கூல்ல டீச்சரா இருந்தாங்க?"

"ஜாலான் புசார்ல," என்றேன்.